வழியில் வீரவநல்லூர்

ஏப்ரல் 29, 2011, வெள்ளி

மக சுபாஷிணி கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தாச்சு. மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, பிள்ளையார் முன்னால ஒண்ணை வச்சுட்டு, யார் யாருக்கு வைக்கணும்னு யோசிச்சு உக்காந்தேன்.

சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாதது எதுவும் இல்ல. சங்கரன்கோவில் சின்ன அத்தை வீட்டுல முறுக்கு டப்பா எந்தப் பரண்ல இருக்குன்னு கேட்டாக்கூடச் சொல்லுவேன். ஆனா அந்த வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டா முழிப்பேன். இத்தனை வருசமும் எங்க வீட்டுக்காரவுக கார் ஓட்டினாக, நான் பக்கத்துல உக்காந்து தூங்கினேன். கண்ணு முழிச்சா வீடு வந்திருக்கும். கார் ஓட்ட நான் படிச்சதே போன வருசம்தான். ஸ்கூல் ஆபீசு, மார்க்கெட்டு, பாங்கு. பாளையங்கோட்டையைத் தாண்டினதில்ல.

அவுக கப்பல்ல இருக்காக. கல்யாணத்துக்கு வந்துருவாக.

மே 1, ஞாயிறு

மதுரையில இருந்து சம்பந்தி போன். தங்கமான மனுசன்தான், ஆனா பிடிச்ச பிடியை விட மாட்டாரு. நிச்சயத்தன்னிக்குச் சொன்னதையே இன்னிக்கும் சொன்னாரு.

"சம்பந்தியம்மா, எங்க சனம் பூராம் வந்து உக்காந்திருக்கும். பொண்ணோட அப்பா நின்னு தாரை வார்க்கணும். அவரு வர முடியாமப் போச்சுன்னா பெரியப்பாவாவது நிக்கணும். ரெண்டு பேருமே இல்லன்னா என் மகன் மணவறையில உக்கார மாட்டான். இப்பவே சொல்லிப்புட்டேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"அண்ணாச்சி, எதுக்கு இப்படிச் சொல்லுதிய? அவுக வந்துருவாக. இல்லாட்டியும் அம்பாசமுத்திரத்துல பெரிய அத்தான் இருக்காகள்லா"ன்னேன்.

பெரிய அத்தான் பிறவிப்பெருமாள், அவுகளோட கூடப் பிறந்த அண்ணன். அத்தானும் காந்திமதி அக்காவும் சோடியா வந்து நின்னுட்டாப் போதும். என் மகளுக்குக் கல்யாணம் நடந்துரும். எல்லாம் அந்த ஒரு வீட்டுல இருக்கு.

மே 2, திங்கள்

கெமிஸ்ட்ரி எஸ்தர் டீச்சர் டிரைவர் ஒருத்தரை அனுப்புறேன்னாங்க. வேண்டாம்னுட்டேன். டிரைவர்னா வாய் சும்மா இருக்காது. வண்டியில ஏறினதும் "சார் எங்கக்கா?"ம்பான். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு அங்க உள்ளவங்ககிட்டயும் கேப்பான். கேட்டுக் கேட்டுப் போலாம்னாலும் அதே கதைதான். டீக்கடையில நிறுத்தி இன்னார் வீடு எதுன்னு கேட்டா, வழி சொல்லுறதுக்கு முன்னாடி நீங்க அவங்களுக்கு என்ன வேணும், தனியாவா வந்திருக்கிய, வீட்டுக்காரர் வரலியான்னு ஆரம்பிச்சுருவாக.

எஸ்தர் டீச்சர் கார் கண்ணாடியில ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கு. போற ஊரைச் சொல்லிட்டா அதுவே வழி சொல்லிக்கிட்டு வருமாம்.

"அது கேள்வி கேக்குமா டீச்சர்?"

"எங்க போகணும்னு மட்டும் கேக்கும்."

அப்ப அதுதான் எனக்குச் சரி.

மே 4, புதன்

வண்ணார்பேட்டை மீரான் பாய் கடைக்குப் போனேன். எங்க காருக்கு சீட் கவர் போட்டதும் அவருதான். நுழைஞ்ச உடனேயே "சார் வரலியாக்கா?"ன்னாரு. கப்பல்னேன். கப்பல்னு சொல்லிச் சொல்லி எனக்கே உப்புக் கரிக்குது.

மூணு பெட்டி எடுத்து மேசையில வச்சாரு. ஒண்ணு பெரிசு. பாட்டு, படம் எல்லாம் வருமாம். "கல்யாண வேலை கழுத்தை நெரிக்குது பாய், படம் பாக்கவா போறேன்"னு தள்ளி வச்சேன். இன்னொண்ணுல சின்னச் சின்னப் பொத்தானா இருந்துச்சு. 'அ' போடணும்னா எதை எத்தனை தடவை அமுக்கன்னே புரியல. மூணாவது கைக்கு அடக்கமா இருந்துச்சு. எழுத்தெல்லாம் பெரிசு பெரிசா, கண்ணாடி போடாமலே வாசிச்சேன். விரலால தொட்டாப் போதும். வேலை முடிஞ்சதும் கழட்டிப் பையில போட்டுக்கலாம். ஓரத்துல ஒரு வீட்டுப் படம் இருக்கு. எங்க மாட்டிக்கிட்டு நின்னாலும் அதைத் தொட்டா வீடு கொண்டு வந்து சேத்துருமாம்.

"பாய், நான் வழி தப்பிட்டா இது என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுக்கா. அங்க இருந்து புதுசா வழி சொல்லும்."

"திட்டாதா?"

பாய் சிரிச்சுட்டாரு. நானும் சிரிச்சேன். கல்யாணமான நாள்ல இருந்து திட்டாம எனக்கு வழி சொன்ன ஆளே கிடையாது. இதையே கட்டுங்க பாய்னு வாங்கிட்டு வந்தேன். இங்கிலீஷ்ல பேசுற பொம்பளைக் குரல். சவம், அதுவும் நல்லாத்தான் இருக்கு.

மே 6, வெள்ளி

சீரழிஞ்சு வந்து உக்காந்திருக்கேன்.

சங்கரன்கோவிலுக்கு ஒத்திகை பாக்கப் போனேன். மானூர் வரைக்கும் ராணி மாதிரி போனேன். அங்க ஒரு அம்மன் கோயிலைக் கண்டதும், அட, இது நமக்குத் தெரிஞ்ச இடமாச்சேன்னு ஒரு திமிரு. பெட்டி நேராப் போகச் சொல்லுது, நான் வலது பக்கம் ஒடிச்சேன். அது பாவம், திரும்பு திரும்புன்னு எத்தனை தடவை சொல்லிச்சு! கேக்கலையே. ரோடு மண்ணாச்சு, மண்ணு புழுதியாச்சு, கடைசியில ஒரு செங்கச் சூளை முன்னால போய் நின்னேன். மேல போகப் பாதையும் இல்ல, வண்டியைத் திருப்ப எடமும் இல்ல. ஸ்டியரிங்ல தலையை வச்சு அழுதேன், எங்க அம்மா செத்தன்னிக்குக்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன்.

செங்கல் சுமந்துக்கிட்டிருந்த பொம்பளைங்க வந்து பின்னால போ, பின்னால போன்னு கைகாட்டி வெளிய கொண்டு வந்து விட்டாங்க.

பெட்டி மேல கைவச்சுச் சொல்லிட்டேன். இனி நீ சொன்னதுக்கு மறுபேச்சு கிடையாது தாயி. நீ கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டேன்.

மே 8, ஞாயிறு

அது சொன்னபடியே போனேன், சங்கரன்கோவில் வந்துருச்சு! சின்ன அத்தை வீடு, வாத்தியார் மாமா வீடு, ஜவுளிக்கடைக்காரர் வீடு, எல்லாத்துலயும் பத்திரிகை வச்சாச்சு. தட்டுல பழம், பாக்கு, வெத்தலை, குங்குமம், முறைப்படி.

ஆச்சரியம் என்னன்னா ஒருத்தர்கூட அவுகளைப் பத்திக் கேக்கல. எந்தத் துறைமுகம், எத்தனை மாசம் லீவுன்னு கார்ல வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். அத்தனையும் வீணாப் போச்சு. சின்ன அத்தை மட்டும் கன்னத்தைத் தடவி, "நீ வந்ததே போதும்ட்டீ"ன்னா. நல்லதாப் போச்சு, தப்பிச்சேன்.

மே 15, ஞாயிறு

நாளைக்குத்தான் பெரிய நாள். அம்பாசமுத்திரம் பெரிய அத்தான் வீடு, அப்படியே வீரவநல்லூர்ல கொழுந்தன் கைலாசம் வீடு, கல்லிடைக்குறிச்சி நாத்தனார் வீடு. போற ஊரையெல்லாம் மொத்தமாப் போட்டுட்டா, எதுக்கு முதல்ல போகணும்னு அதுவே வரிசைப்படுத்திக் குடுக்கும்னு மீரான் பாய் சொல்லியிருந்தாரு. போட்டேன். ஒரு நிமிசத்துல குடுத்துருச்சு. என்ன சமத்து!

அத்தானுக்குப் பட்டு வேட்டியும் அக்காவுக்குச் சேலையும் எடுத்தாச்சு. அத்தான் கையில தட்டைக் குடுத்துட்டு, "நீங்கதான் நின்னு நடத்தணும்"னு கால்ல விழப் போறேன். விழுந்துட்டா வேண்டாம்னு சொல்ல மாட்டாக. பிள்ளையாரப்பா.

மே 16, திங்கள்

எழுதக் கை வரல. ஆனாலும் எழுதியே ஆகணும், இல்லாட்டி மண்டை வெடிச்சுரும்.

பத்தமடை, சேரன்மகாதேவி தாண்டி வீரவநல்லூர் வந்ததும் பெட்டி இடது பக்கம் திரும்பச் சொல்லிச்சு. திரும்பினேன். கைலாசம் வீட்டு வாசல்ல நிறுத்திச்சு. இறங்கினேன். தட்டை எடுத்தேன். எந்தப் பேய் என் கண்ணைக் கட்டிச்சுன்னு தெரியல. இருபத்தாறு வருசம் அந்தக் குடும்பத்துல இருக்கேன். அண்ணன் தம்பிக்குள்ள மூத்தவர் வீட்டுல வைக்காம இளையவர் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வழியில அவங்க வீடு இருந்தாலும் கண்டும் காணாம அம்பாசமுத்திரம் போயி, முதல்ல அங்க வச்சுட்டுத் திரும்பித்தான் வரணும். வழி தப்பக் கூடாது, வழி தப்பக் கூடாதுன்னே நெனச்சு நெனச்சு, மத்தது எல்லாம் மண்டையை விட்டுப் போயிருச்சு.

தட்டை வாங்கும்போது கைலாசம் பெண்டாட்டி பகவதி கேட்டா. "அக்கா, அம்பாசமுத்திரம் போயிட்டுத்தான வாரிய?"

"இனிமத்தான் பகவதி."

அவ மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு. "அப்ப கூடப் பிறந்தவுகள்ல எங்களுக்குத்தான் முதப் பத்திரிகையா!"

அப்பதான் எனக்கு உறைச்சுது. கைலாசம், "மைனி..."ன்னு ஆரம்பிச்சு, பெண்டாட்டி கையில இருந்த தட்டைப் பாத்தாரு. குடுத்த தட்டைத் திருப்பிக் கேக்க முடியுமா?

நாத்தனார் வீட்டுல நிக்கவே இல்ல, நேரா அம்பாசமுத்திரம் போனேன். எனக்கு முந்தி பகவதியோட போன் போயிருந்துச்சு. பெரிய அத்தான் நாற்காலியில உக்காந்திருந்தாக, எந்திரிக்கல. காந்திமதி அக்கா தண்ணிகூடக் கொண்டாரல. நான் தட்டை நீட்டிக்கிட்டே நிக்கேன், கையெல்லாம் வலிக்குது.

"எந்த வழியா வந்த?"ன்னாக அத்தான்.

"இந்த மெசின் சொன்ன வழியில வந்துட்டேன் அத்தான். புத்தி கெட்டுப் போச்சு, மன்னிச்சுருங்க."

"மெசினுக்கு மூத்தவன் யாரு, இளையவன் யாருன்னு தெரியாது. ஒனக்குமா தெரியாது?"

கால்ல விழுந்தேன். காலை இழுத்துக்கிட்டாக.

"நெல்லையப்பன் வந்து வைக்கட்டும். என் தம்பி கையால வச்சா வாங்குதேன். மணவறையிலயும் வந்து நிக்கேன். இல்லாட்டி இந்த வீட்டுல இருந்து ஒருத்தரும் வர மாட்டோம்."

"அவுக கப்பல்ல இருக்காக அத்தான்."

"எந்தக் கப்பல்?"

நான் சேலைத் தலைப்பால மூஞ்சியைத் துடைச்சேன்.

"ஏ செம்பகம், எந்தக் கப்பல்னு கேக்கேன்."

சங்கரன்கோவில்ல ஏன் யாருமே ஒண்ணும் கேக்கலைங்கிறது அந்த நிமிசம்தான் எனக்கு விளங்கிச்சு.

மே 18, புதன்

புதுத் தட்டு, புதுப் பழம், புதுப் பத்திரிகையோட மறுபடி போனேன். இந்தத் தடவை பெட்டியைப் போடவே இல்ல, வழி மனசுல பதிஞ்சுருச்சு. வீரவநல்லூரைத் தாண்டும்போது தலையைக்கூடத் திருப்பல.

கேட்டைத் திறக்காமலே காந்திமதி அக்கா, "சொன்னது சொன்னதுதான் செம்பகம். வெயில்ல நிக்காத, போ"ன்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு அவளுக்கு. அப்ப திறக்க வேண்டியதுதான?

மே 20, வெள்ளி

கைலாசத்தை நிக்கச் சொல்லலாமான்னு பாத்தேன். அவரே கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. "மைனி, அண்ணன் உயிரோட இருக்கும்போது நான் எப்படி நிக்க? ஊரு என்ன சொல்லும்?" ஞாயம்தான்.

சுபாஷிணி சென்னையில இருந்து பேசினா. மருதாணி டிசைன் பாத்தாளாம், ஜடைக்குப் பூ சொல்லிட்டாளாம். பேச்சோட பேச்சா, "பெரியப்பா வாராங்கதானம்மா?"ன்னா. வாராங்கன்னேன். அப்பாவைப் பத்தி அவ கேக்கவே இல்ல.

மே 21, சனி

அம்பாசமுத்திரத்துக்கு நேர்ல போயிப் பெரியப்பாவை அழைக்கணும்னு சம்பந்தி ஆசைப்படுதாராம். அடுத்த ஞாயித்துக்கிழமை மதுரையில இருந்து வாராராம். "நம்மளும் மரியாதை செய்யணும்ல சம்பந்தியம்மா!" அத்தான் அவரு முகத்துக்கு நேரா, நாங்க வரலன்னு சொல்லிட்டா அன்னிக்கே கல்யாணம் நின்னுரும்.

கடவுளே, யாரு வீட்டு வாசல்ல போயி நான் நிக்க?

மே 22, ஞாயிறு

தெரியும். யாரு வீட்டுக்குன்னு தெரியும்.

மே 23, திங்கள்

தூத்துக்குடி, மில்லர்புரம், மூணாவது தெரு. பெட்டியில நானே போட்டேன். யார்கிட்டயும் விலாசம் கேக்க வேண்டியிருக்கல.

நேராக் கொண்டு போயி வாசல்ல விட்டுருச்சு. மாடி வீடு, பச்சைக் கேட்டு. அந்தப் பொம்பளைதான் கதவைத் திறந்துச்சு. என்னைவிடச் சின்னது. "வாங்கக்கா"ன்னு சொல்லித் தண்ணி கொண்டு வந்து குடுத்துச்சு. குடிக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். வெயில், குடிச்சுட்டேன்.

அவுக கைலி கட்டிக்கிட்டுப் பேப்பர் வாசிச்சுட்டிருந்தாக. கப்பலும் இல்ல, கடலும் இல்ல. மெலிஞ்சுகூடப் போகல.

"வழி எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மெசின் வாங்கியிருக்கேன்."

"பரவால்லியே."

எல்லாத்தையும் சொன்னேன். சம்பந்தி சொன்னது, வீரவநல்லூர், அத்தான் தட்டை வாங்காதது. அழக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். அம்பாசமுத்திரம் வந்து தட்டை வைக்கணும், மணவறையில வந்து ஒரு மணி நேரம் நிக்கணும், அதுக்குப் பிறகு உங்களை ஏன்னு கேக்க மாட்டேன்னேன்.

அவுக பேப்பரை மடிச்சாக. "வாரேன். என் மகளுக்கு நான் வராம இருப்பனா? ஆனா ரெண்டு வருசமா நானும் ஒண்ணு கேட்டுக்கிட்டிருக்கேன். நீ கையெழுத்துப் போட மாட்டேங்க. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியுதோம்னு மனுவுல ஒரு கையெழுத்து. அதைப் போட்டுரு, வாரேன்."

"பெத்த மகளுக்குத் தாரை வார்க்கக் கூலி கேக்கியளா?"

"கூலி இல்லட்டி. இந்தப் பிள்ளைக்கும் நான் ஒரு வழி செய்யணும்லா."

'அந்தப் பிள்ளை' அடுக்களை வாசல்ல நின்னு சேலைத் தலைப்பைத் திருகிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு பேரையும் அங்கேயே வாயில வந்தபடி வையணும்னு இருந்துச்சு. வஞ்சா அவுக வர மாட்டாக. எந்திரிச்சு வந்துட்டேன்.

கார்ல உக்காந்து கொஞ்ச நேரம் எங்க போறதுன்னே தெரியாம இருந்தேன். ரெண்டு வருசம்! கையெழுத்து மட்டும் போடாம இருந்தா ஒருநாள் திரும்பி வந்துருவாகன்னு இருந்திருக்கேன் பாரு. என்னை மாதிரி பைத்தியக்காரி ஊருல உண்டா?

மே 25, புதன்

போட்டுட்டேன்.

மே 27, வெள்ளி

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னாக. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நான் கார் ஓட்ட, அவுக பக்கத்துல உக்காந்தாக. ஏறினதுமே, "அந்தப் பெட்டியைக் கழட்டு, வழி எனக்குத் தெரியாதா?"ன்னாக. கழட்டிப் பையில போட்டேன். பேட்டை தாண்டுறதுக்குள்ள கியரை ஏன் இப்படிப் போடுத, பஸ்ஸுக்கு ஏன் இத்தனை பக்கத்துல போறன்னு ஆரம்பிச்சாச்சு. சேரன்மகாதேவி வரும்போது குறட்டை விட்டுத் தூங்கிட்டாக. வீரவநல்லூரை நானே தாண்டினேன்.

அம்பாசமுத்திரத்துல பெரிய அத்தான் வாசலுக்கே வந்து தம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாக. நாங்க ரெண்டு பேரும் சோடியா நின்னு தட்டை நீட்டினோம். அத்தானும் அக்காவும் சோடியா நின்னு வாங்கிக்கிட்டாக. அக்கா பாயசம் வச்சிருந்தா. நல்லாத்தான் இருந்துச்சு.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுல இறங்கினாக, தூத்துக்குடி பஸ் நின்னுச்சு. போயிட்டாக.

மே 29, ஞாயிறு

சம்பந்தி அம்பாசமுத்திரம் போயிட்டு வந்துட்டாரு. அத்தானைப் புகழ்ந்து தள்ளுதாரு. கல்யாணம் நிக்காது. என் மகளுக்குக் கல்யாணம் நடக்கும்!

ஜூன் 5, ஞாயிறு

முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுது.

தாரை வார்க்கும்போது மாப்பிள்ளை கை கீழ, அதுமேல சுபாஷிணி கை, அதுல தேங்காய். அவுக ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாக, நான் செம்புல இருந்து தண்ணி ஊத்தினேன். அவுக விரல் மேல வழிஞ்சு பிள்ளை கையில விழுந்துச்சு. சுபாஷிணி அவ அப்பாவை நிமிந்து பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துக் கையெழுத்துகூடப் போடலாம். எங்க ரெண்டு பேரையும் பாத்து, "என்ன பொருத்தமான சோடி!"ன்னு மதுரைக்காரங்க யாரோ சொன்னது காதுல விழுந்துச்சு.

பந்தி ஆரம்பிச்சதும் பெரிய அத்தான் என்னைத் தூண் ஓரமாக் கூப்பிட்டாக. பட்டு வேட்டியில மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தாக. முகமெல்லாம் சிரிப்பு.

"செம்பகம், அன்னிக்கு ஒன்னை வாசல்ல நிக்க வச்சேன்லா, எம்மேல கோவமா?"

"ஐயோ, இல்ல அத்தான்."

"கோவம் இருக்கும், எனக்குத் தெரியும். அந்தத் தட்டை அப்பவே வாங்கியிருப்பேன்ட்டி. வரிசை மாறி வந்தது எனக்கு ஒரு பெரிய விசயமா? வேணும்னுதான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். அக்கா ராத்திரியெல்லாம் அழுதா. வாங்கிட்டா நீ அவனைத் தேடிப் போக மாட்ட. மகளுக்காக நீயே நேர்ல போயிக் கூப்பிட்டா அவன் வந்துருவான்னு எனக்குத் தெரியும். வந்துட்டான் பாத்தியா! ஒங்க ரெண்டு பேரையும் ஒண்ணு சேத்துட்டேன்லா?"

நான் அவுக முகத்தைப் பாத்தேன். எழுபது வயசு மனுசன், சின்னப் பிள்ளை மாதிரி என் வாயையே பாத்துக்கிட்டு நிக்காக.

"ஆமா அத்தான்"னேன். "சேத்துட்டிய."

கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எனக்குத் திருநீறு பூசி விட்டாக. பிறகு தம்பி தோள்மேல கையைப் போட்டுச் சாப்பிடக் கூட்டிட்டுப் போனாக. இருபதாம் தேதி தூத்துக்குடி கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கு. அது அத்தானுக்குத் தெரியும்போது தெரியட்டும், இன்னிக்கு நல்லாச் சாப்பிடட்டும்னு ரெண்டு பேர் இலைக்கும் நானே பாயசம் ஊத்தினேன்.